காம்போசிட்டின் குணகங்களைக் கணினியில் கணிப்பது எப்படி: ஒருபடித்தாக்கல் முறைக்கு முழுமையான வழிகாட்டி

கண்ணாடி இழையின் யங் குணகம், அதாவது இழுப்புக்கு அது காட்டும் விறைப்பு, 74 ஜிகாபாஸ்கல். அதைச் சுற்றியிருக்கும் எபாக்ஸி ரெசினுடையது 3.35. இரண்டையும் 60-க்கு 40 என்ற கன அளவில் சேர்த்தால் கிடைக்கும் காம்போசிட் (கலப்புப் பொருள்) தகட்டின் குணகம் என்ன? இழை ஓடும் திசையில் கேட்டால் பள்ளிக்கூடக் கணக்கே போதும். இழைக்குக் குறுக்கே கேட்டால்தான் வம்பு. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த வம்பைப் பற்றியதுதான்.

12 மைக்ரான் விட்டமுள்ள இழைகளால் ஆன அந்தத் தகட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் 5,300 இழைகள் இருக்கும். காற்றாலை இறக்கையோ பல பத்து மீட்டர் நீளம். ஒவ்வோர் இழையையும் வரைந்து மெஷ் போடுவது (கணக்குக்காகச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது; துண்டுக்கு எலிமென்ட் என்றும், துண்டுகள் சேரும் புள்ளிக்கு நோடு என்றும் பெயர்) நடக்கிற காரியம் இல்லை. அதனால் கொஞ்சம் இழையும் கொஞ்சம் ரெசினும் அடங்கிய ஒரு சிறு பெட்டியை எடுத்துக்கொள்கிறோம். அதைக் கணினிக்குள் இழுத்தும் சறுக்கியும் பார்த்து, சராசரியாக எப்படி நடந்துகொள்கிறது என்று அளக்கிறோம். பிறகு இறக்கையின் பெரிய மாடலில், இழை என்றும் ரெசின் என்றும் பிரிக்காமல், அந்தச் சராசரிக் குணகங்கள் கொண்ட ஒரே பொருளாக நிரப்பிவிடுகிறோம். இதுதான் ஒருபடித்தாக்கல். பேச்சில் எல்லோரும் ஹோமோஜெனைசேஷன் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுதான். ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது, அதை எப்படி நசுக்குவது என்பதில் தவறினால் பானை முழுவதைப் பற்றியும் தப்பான தகவல் கிடைக்கும்.

எந்தப் பொருள்?

வெறும் தத்துவமாகப் பேசாமல், உண்மையான ஒரு பொருளை வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் ஹின்டன், கதூர், சோடன் ஆகியோர் முன்னின்று நடத்திய உலகளாவிய முறிவுப் பயிற்சிக்காக (காம்போசிட் முறிவுக் கோட்பாடுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு) 1998-இல் சில காம்போசிட்டுகளின் அளவீடுகள் வெளியிடப்பட்டன. அவற்றில் ஒன்று சிலெங்கா ஈ-கண்ணாடி இழையும் எம்.ஒய்.750 எபாக்ஸியும் சேர்ந்தது. இழையின் யங் குணகம் 74, பாய்ஸான் விகிதம் (இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பது) 0.2, ஷியர் குணகம் (சறுக்கலுக்குக் காட்டும் விறைப்பு) 30.8. ரெசினுக்கு முறையே 3.35, 0.35, 1.24. இழையின் கன அளவு விகிதம் 0.6. குணகங்கள் எல்லாம் ஜிகாபாஸ்கலில்.

தகட்டை அளந்து கிடைத்தவை: இழைத் திசையில் 45.6, குறுக்குத் திசையில் 16.2, இழைத் திசை ஷியர் குணகம் 5.83, முதன்மைப் பாய்ஸான் விகிதம் 0.278. உள்ளே போகும் எண்களும் வெளியே வரவேண்டிய எண்களும் ஒரே இடத்தில் கிடைப்பதால், கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது.

முதலில் பேனாவும் தாளும்

மென்பொருளைத் திறக்கும் முன் பத்து நிமிடம் கையால் கணக்குப் போடுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு இரண்டு நாள் தவிக்கிறார்கள்.

இழையும் ரெசினும் ஒரே அளவு நீள்கின்றன என்று வைத்துக்கொள்வது ஃபாய்க்ட் 1889-இல் சொன்ன வழி: 0.6 × 74 + 0.4 × 3.35 = 45.74. அளந்தது 45.6. இழைத் திசைக்கு இதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பாய்ஸான் விகிதத்துக்கும் அதே மாதிரி போட்டால் 0.26 வரும்; அளந்த 0.278-க்குப் பக்கம்தான்.

குறுக்கே இழுக்கும்போது இரண்டும் ஒரே தகைவை (ஓரலகுப் பரப்பின் மீதான விசையை) தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வது ராய்ஸ் 1929-இல் காட்டிய வழி. 0.6 ÷ 74 + 0.4 ÷ 3.35 = 0.1275, அதன் தலைகீழ் 7.84. அளந்ததோ 16.2. பாதிகூட வரவில்லை. ஷியருக்கு அதே கணக்கு 2.92 தருகிறது, அளந்தது 5.83. இழைத் திசையில் அரை சதவீதத்துக்குள் அடித்த எளிய கணக்கு, குறுக்கே போனதும் பாதியில் விழுந்துவிடுகிறது. காரணம் எளிது. குறுக்குத் திசையில் இழைகள் அடுக்கடுக்கான தகடுகளாக இல்லை; ரெசினுக்கு நடுவே வட்ட வட்டமாக நிற்கின்றன. தகைவு அவற்றின் ஊடாகவும் போகிறது, சுற்றிக்கொண்டும் போகிறது. எவ்வளவு எப்படிப் போகிறது என்பதை இழைகள் நிற்கும் ஒழுங்குதான் தீர்மானிக்கிறது, கன அளவு மட்டும் அல்ல.

இந்த இரண்டும் வெறும் தோராயங்கள் இல்லை, உண்மையான விடை மீற முடியாத மேல், கீழ் எல்லைகள் என்று ஹில் 1952-இல் நிறுவினார். ஹாஷினும் ஷ்ட்ரிக்மனும் 1963-இல் அந்த இடைவெளியை இன்னும் நெருக்கினார்கள். அந்த வகைக் கணக்கை நம் பொருளுக்குப் போட்டால், குறுக்குத் திசை யங் குணகத்தின் கீழ் எல்லை சுமார் 11 ஆகிறது. இழைத் திசை ஷியருக்குக் கீழ் எல்லை 4.3, மேல் எல்லை சுமார் 14.2. பொறியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஹால்பின்–சாய் சூத்திரத்தில் வழக்கமான திருத்த எண் 2-ஐப் போட்டால் குறுக்கே 14.5 வரும். அந்த 2 என்பது பொருத்திப் பார்த்து வைத்த எண் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

7.84, 11, 14.5, 4.3 ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இனி கணினி தருகிற ஒவ்வோர் எண்ணையும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

பெட்டியைக் கட்டுவது

பெட்டிக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்விஇ என்று பெயர். மொத்தப் பொருளுக்கும் பிரதிநிதியாக நிற்கிற சிறு கன அளவு என்று அர்த்தம். எளிமையான வடிவத்தில் தொடங்குவோம்: இழைகள் தேன்கூடு மாதிரி அறுகோண ஒழுங்கில் அடுக்கியிருப்பதாக.

செவ்வகப் பெட்டி ஒன்று. நடுவில் ஒரு முழு இழை, நான்கு மூலைகளிலும் கால் கால் இழை. ஆக மொத்தம் இரண்டு இழைகள். அகலம் ஒரு மடங்கு என்றால் உயரம் 1.732 மடங்கு. இழையின் ஆரம் 6 மைக்ரான், கன அளவு 0.6 என்று வைத்தால் அகலம் 14.753 மைக்ரான், உயரம் 25.553 மைக்ரான். சரிபாருங்கள்: இரண்டு வட்டங்களின் பரப்பு 226.2, பெட்டியின் பரப்பு 377.0, விகிதம் 0.6. அடுத்தடுத்த இழைகளுக்கு இடையே இருக்கும் ரெசின் இடைவெளி 2.75 மைக்ரான்.

சதுர ஒழுங்கு வரைவதற்கு இன்னும் எளிது: ஒரு பெட்டி, நடுவில் ஓர் இழை. ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. குறுக்குத் தளத்தில் 0 டிகிரியில் இழுத்தால் ஒரு குணகம், 45 டிகிரியில் இழுத்தால் வேறொரு குணகம் வரும். உண்மையான தகட்டில் இழைகள் ஒழுங்கற்றுக் கிடப்பதால் அப்படி வராது. அறுகோண ஒழுங்கில் குறுக்குத் தளத்தின் எல்லாத் திசையும் ஒன்றுதான். இன்னொன்று, சதுர ஒழுங்கில் இழைகளை எவ்வளவு நெருக்கினாலும் 0.785-க்கு மேல் போகாது, அறுகோணத்தில் 0.907 வரை இடம் இருக்கிறது. வேறு காரணம் இல்லாவிட்டால் அறுகோணத்தையே எடுங்கள்.

இழைத் திசையில் பெட்டிக்கு எவ்வளவு நீளம் வேண்டும்? பலர் அகலத்துக்குச் சமமாக வைத்து, எலிமென்ட்டுகளை லட்சக்கணக்கில் பெருக்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. இழை நேராக ஓடும்வரை அந்தத் திசையில் தகைவு மாறப்போவதில்லை. ஒரே ஓர் எலிமென்ட் தடிமன் போதும். நான் 1 மைக்ரான் வைப்பேன். அப்போது பெட்டியின் கன அளவு 377 கன மைக்ரான். மிச்சமாகும் எலிமென்ட்டுகளை இழையும் ரெசினும் தொடும் விளிம்பிலும், அந்த 2.75 மைக்ரான் இடைவெளியிலும் செலவழியுங்கள். அங்கே குறைந்தது நான்கைந்து வரிசையாவது வேண்டும்.

எல்லை நிபந்தனை: எல்லாம் இங்கேதான்

பெட்டியின் பக்கங்களை எப்படிப் பிடிப்பது? மூன்று வழிகள் உண்டு. பக்கங்களில் உள்ள எல்லா நோடுகளையும் நேர்கோட்டில் நகர்த்தலாம். அப்போது பெட்டி உண்மையைவிட விறைப்பாகத் தெரியும். பக்கங்களில் சீரான விசையைக் கொடுக்கலாம். உண்மையைவிடத் தொளதொளப்பாகத் தெரியும். மூன்றாவது பீரியாடிக் நிபந்தனை. பெட்டிக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் மேலும் கீழும் அதே பெட்டி திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறது, சிதைந்த பிறகும் எல்லாம் இடைவெளி இல்லாமல் பொருந்துகின்றன என்று சொல்வது. ஒரே பெட்டிக்கு இதன் விடை முதல் இரண்டுக்கும் நடுவே வரும். பெட்டியைப் பெரிதாக்கினால் மூன்றும் ஒரே விடையை நோக்கி வரும். பீரியாடிக் சீக்கிரம் வந்து சேரும்.

இந்த மூன்றும் பொதுவாக நிறைவேற்றுவது ஹில்–மான்டெல் நிபந்தனை. பெட்டிக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் செய்யப்படும் வேலையின் சராசரி, சராசரித் தகைவும் சராசரித் திரிபும் (மூல நீளத்தோடு ஒப்பிட்ட உருமாற்றம்) சேர்ந்து செய்யும் வேலைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கண்டுபிடிக்கும் குணகத்துக்கு அர்த்தமே இல்லை. ஏதோ சில பக்கங்களை இறுக்கி, சில பக்கங்களைத் தளர்த்தி, மனம்போனபடி பிடிக்கும் மாடல்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

இப்போது பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 1-ஆம் அச்சு இழைத் திசை, 2 அகலம், 3 உயரம். 2-ஆம் திசையில் 0.01 திரிபு கொடுக்க வேண்டும். வலப்பக்கத்தில் ஒரு நோடை எடுங்கள். அதே உயரத்தில் இடப்பக்கத்தில் அதன் ஜோடி இருக்கிறது. நிபந்தனை இவ்வளவுதான்:

வலது நோடின் 2-திசை நகர்வு − இடது நோடின் 2-திசை நகர்வு = 0.01 × 14.753 = 0.1475 மைக்ரான்

1-திசையிலும் 3-திசையிலும் இரண்டின் நகர்வும் ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது வித்தியாசம் சுழி. கவனியுங்கள், எந்த நோடும் எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வித்தியாசத்தை மட்டும் சொல்கிறோம். பக்கம் அலை மாதிரி நெளியலாம். எதிர்ப்பக்கமும் அதே மாதிரி நெளிந்தால் போதும். பக்கங்கள் நேராகவே இருக்கட்டும் என்று கட்டாயப்படுத்தும் குறுக்குவழி ஒன்று உண்டு. நம் பெட்டி மாதிரி இருபுறமும் சமச்சீரான வடிவத்தில், நேரடி இழுப்புக்கு அது சரியான விடையே தரும். ஷியருக்குத் தராது. ஷியரில் பக்கங்கள் நெளிந்தே ஆக வேண்டும். தடுத்தால் குணகம் பொய்யாக ஏறும்.

இதை மென்பொருளில் எழுத இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, எதிரெதிர்ப் பக்கங்களின் மெஷ் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். ஒரு பக்கத்தில் மெஷ் போட்டு அதையே எதிர்ப்பக்கத்துக்கு நகல் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மெஷ் மென்பொருளான ஜிமெஷ்ஷில் இதற்கென்றே பீரியாடிக் அமைப்பு இருக்கிறது. இரண்டாவது, எந்தப் பகுதியிலும் சேராத போலி நோடுகளை உருவாக்கி, அவற்றின் நகர்வையே பெட்டியின் சராசரித் திரிபாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 0.01 அந்தப் போலி நோடில் உட்காரும். அபாகஸ், ஆன்சிஸ், கால்குலிக்ஸ் என எந்தக் கணக்கு மென்பொருளிலும் இது கட்டுப்பாட்டுச் சமன்பாடாகத்தான் போகும்.

மூலைகளில் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்வார்கள். வலது மேல் மூலை நோடு, இடது மேல் மூலைக்கும் ஜோடி, வலது கீழ் மூலைக்கும் ஜோடி. இரண்டு சமன்பாட்டையும் எழுதினால் ஒரே நோடை இரண்டு முறை நீக்கச் சொன்னதாகிவிடும்; மென்பொருள் முரண்டு பிடிக்கும். எட்டு மூலைகளில் ஒன்றைத் தலைவனாக வைத்து மற்ற ஏழையும் அதனோடு கட்டுங்கள். இணையாக ஓடும் நான்கு விளிம்புகளில் ஒன்றைத் தலைவனாக்கி மூன்றைக் கட்டுங்கள். இப்படி மூன்று தொகுதிகள். பக்கங்களின் உட்புற நோடுகளை மட்டும் ஜோடி ஜோடியாக. கடைசியில் தலைவன் மூலையை மூன்று திசையிலும் ஆணி அடித்துவிடுங்கள்; பெட்டி மிதக்காது. நிரலில் இந்த மூன்றையும் தனித்தனித் துண்டாக எழுதினால் பிறகு பிழை தேடுவது சுலபம்.

ஆறு முறை ஓட்டுதல்

மூன்று நேரடித் திரிபு, மூன்று ஷியர் திரிபு: ஆறு ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு திரிபுக்கு மதிப்பு, மற்ற ஐந்தும் சுழி. சுழி என்றால் கட்டாமல் விடுவது இல்லை. சுழி என்று கட்டுவது. கணக்கு நேரியல் என்பதால் திரிபை 1 என்றே கொடுத்துவிடலாம். நூறு சதவீத நீட்சியா என்று பயப்பட வேண்டாம், பெரிய உருமாற்றக் கணக்கை அணைத்துவைத்தால் போதும். 1 கொடுத்தால் வரும் சராசரித் தகைவே விறைப்பு அணியின் (ஆறு திரிபுகளையும் ஆறு தகைவுகளையும் இணைக்கும் எண் அட்டவணை) ஒரு நெடுவரிசை, வகுக்க வேண்டியதில்லை.

சராசரித் தகைவை எடுக்க இரண்டு வழி. ஒவ்வோர் எலிமென்ட்டின் தகைவையும் அதன் கன அளவால் பெருக்கிக் கூட்டி, 377-ஆல் வகுக்கலாம். அல்லது போலி நோடில் வரும் எதிர்விசையை 377-ஆல் வகுக்கலாம். இரண்டாவது ஒரே வரியில் முடிந்துவிடும். முதல் முறையையும் ஒரு தடவை செய்து பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் சமன்பாட்டில் எங்கோ பிசகு. வெறுமனே எலிமென்ட் தகைவுகளின் எண்ணிக்கைச் சராசரியை எடுக்காதீர்கள். நெருக்கமான மெஷ் இருக்கும் இடத்தில்தான் தகைவும் உச்சத்தில் இருக்கும். சராசரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஷியரில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் இதை எழுதியபோது, 1–2 ஷியருக்கு, 2-ஆம் திசை ஜோடிகளில் 1-திசை நகர்வாக 1-ஐயும், 1-ஆம் திசை ஜோடிகளில் 2-திசை நகர்வாக 1-ஐயும் கொடுத்தேன். சமச்சீராக இருக்கிறதே என்று திருப்தி வேறு. மற்ற குணகங்கள் எல்லாம் அழகாக வந்தன. ஷியர் குணகம் மட்டும் கைக் கணக்கின் 4.3-ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மெஷ்ஷைத் திருத்தினேன், எலிமென்ட் வகையை மாற்றினேன், ஒன்றும் அசையவில்லை. கடைசியில்தான் உறைத்தது: பொறியியல் ஷியர் திரிபு என்பது (நீளத்தால் வகுத்த) அந்த இரண்டு நகர்வுகளின் கூட்டல். நான் கொடுத்தது 2, வகுத்தது 1-ஆல். இரண்டிலும் 0.5 கொடுங்கள், அல்லது ஒன்றில் மட்டும் 1 கொடுத்து மற்றதைச் சுழியாக விடுங்கள். விடை சரியாக இரு மடங்காகவோ பாதியாகவோ இருந்தால் மெஷ்ஷைத் தொடாதீர்கள். தவறு வேறெங்கோ இருக்கிறது.

அப்புறம் வரிசை. பாடப்புத்தக வரிசையில் ஷியர்கள் 23, 13, 12. அபாகஸில் 12, 13, 23. ஆன்சிஸில் 12, 23, 13. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் எந்த எச்சரிக்கையும் வராது. தகடு மட்டும் வேறு பொருளாகிவிடும்.

ஆறு நெடுவரிசையும் சேர்ந்ததும் அணியைத் தலைகீழாக்குங்கள். தலைகீழ் அணியின் (1,1) உறுப்பின் தலைகீழ் இழைத் திசை யங் குணகம். (2,2) உறுப்பினுடையது குறுக்குத் திசை. (1,2) உறுப்பை (1,1)-ஆல் வகுத்துக் குறியை மாற்றினால் முதன்மைப் பாய்ஸான் விகிதம். மூலைவிட்டத்தின் கடைசி மூன்று உறுப்புகளின் தலைகீழ்கள் ஷியர் குணகங்கள். அணியைத் தலைகீழாக்காமல் (2,2) உறுப்பையே யங் குணகம் என்று எழுதிவிடுவதும் உண்டு. அது பக்கவாட்டுச் சுருக்கத்தைத் தடுத்துப் பிடித்த குணகம், எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும்.

நம்புவதற்கு முன்

இழைக்கும் ரெசினின் குணகங்களையே கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். விடை 3.35, 0.35, 1.24 என்று தசம இடம் பிசகாமல் வர வேண்டும். எல்லை நிபந்தனையில் பிழை இருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். இரண்டு நிமிட வேலை. யாராவது என்னிடம் விடை சரியில்லை என்று மாடலைக் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்து, விறைப்பு அணி சமச்சீராக இருக்கிறதா? (1,2)-உம் (2,1)-உம் தனித்தனி ஓட்டங்களில் இருந்து வருகின்றன. ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அறுகோண ஒழுங்கு என்றால் இன்னொரு சோதனை: குறுக்குத் தள ஷியர் குணகம், குறுக்கு யங் குணகத்தை 2 × (1 + குறுக்குத் தளப் பாய்ஸான் விகிதம்) என்பதால் வகுத்தால் வருவதற்குச் சமமாக வேண்டும். மெஷ்ஷை இரு மடங்கு நெருக்கி, குறுக்கு குணகம் ஒரு சதவீதத்துக்கு மேல் நகர்கிறதா என்று பாருங்கள்.

பிறகு அந்தத் தாளை எடுங்கள். குறுக்குக் குணகம் 11-க்குக் கீழே போனால் மாடல் தப்பு, விவாதமே இல்லை. ஷியர் 4.3-க்குக் கீழே போனாலும் அப்படியே. அறுகோண மாடலின் ஷியர் குணகம் அந்த 4.3-ஐ ஒட்டியே வரும், அளந்த 5.83-ஐத் தொடாது. இதைப் பார்த்துப் பதறி, ரெசினின் குணகத்தை ஏற்றி விடையைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். உண்மைத் தகட்டில் இழைகள் தேன்கூடாக நிற்பதில்லை. சில இடங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அங்கே விசை இழையிலிருந்து இழைக்குத் தாவுகிறது. மாடல் தருவது இலட்சிய ஒழுங்கின் விடை. இடைவெளியை மறைக்காமல் இரண்டு எண்களையும் அறிக்கையில் எழுதுவதே நேர்மை.

ஒழுங்கற்ற அடுக்கு

அப்படியானால் இழைகளைத் தாறுமாறாகவே போட்டுப் பார்க்கலாமே? போடலாம். ஒவ்வொரு வட்டமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டு, ஏற்கெனவே இருப்பதன்மேல் ஏறினால் எடுத்துவிட்டு வேறிடத்தில் போடும் எளிய நிரல்தான் எல்லோரும் முதலில் எழுதுவது. அது 0.547-க்கு மேல் போகவே போகாது, கணிதமே அப்படி. நமக்கு வேண்டியது 0.6. எனவே போட்ட வட்டங்களைத் தள்ளி நகர்த்தி இடம் உண்டாக்கும் முறை வேண்டும்: சிறிய வட்டங்களாகத் தொடங்கி, மோதவிட்டுக்கொண்டே பருக்கச்செய்யும் லுபாசெவ்ஸ்கி–ஸ்டிலிங்கர் வகை நன்றாக வேலை செய்கிறது. இழைகளுக்கு இடையே ஒரு குறைந்தபட்ச இடைவெளியையும் விதியுங்கள், இல்லாவிட்டால் மெஷ் போட முடியாது. வலப்பக்க எல்லையில் வெட்டுப்படும் இழையின் மிச்சம் இடப்பக்கத்தில் தலைகாட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

எத்தனை இழை போதும்? நான் 30-இல் தொடங்குவேன். ஒரே ஒரு பெட்டியை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். வெவ்வேறு அடுக்கில் பத்துப் பெட்டிகளாவது ஓட்டி, சராசரியும் சிதறலும் எடுப்பேன். பிறகு 60 இழை. சிதறல் குறைவது இயல்புதான். சராசரி நகர்கிறதா என்பதே கேள்வி. நகரவில்லை என்றால் 30 போதும், சிதறலைக் குறைக்கப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். நகர்ந்தால் பெட்டி சின்னது. எத்தனை பெட்டி ஓட்டினாலும் அந்தச் சாய்வு போகாது. பெட்டியின் அளவைப் புள்ளியியலாக அணுகும் இந்த வழியை கனீத்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-இல் விரிவாக எழுதினார்கள். ஆர்விஇயின் அளவு பொருளுக்கு மட்டும் சொந்தமானது இல்லை: எந்தக் குணகம் வேண்டும், எவ்வளவு துல்லியம் வேண்டும், எத்தனை பெட்டி ஓட்டத் தயார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

மெஷ்ஷே வேண்டாம் என்றால்

சிடி ஸ்கேனிலிருந்து நேராக வரும் முப்பரிமாணப் படத்துக்கு மெஷ் போடுவது பெரும்பாடு. மூலினெக்கும் சுக்கேயும் 1994-இல் முன்வைத்த முறை அதைத் தவிர்க்கிறது. படத்தின் ஒவ்வொரு வாக்ஸலும் (முப்பரிமாணப் படப்புள்ளி) ஒரு கணக்குப் புள்ளி. சமன்பாட்டை விரைவு ஃபூரியர் உருமாற்றத்தால் திரும்பத் திரும்பத் தீர்க்கிறார்கள். ஃபூரியர் தொடர் என்பதே திரும்பத் திரும்ப வருவது என்பதால் பீரியாடிக் நிபந்தனை தானாகவே அமைந்துவிடும். மூலை, விளிம்புத் தலைவலி கிடையாது. இலவச மென்பொருளான டமாஸ்க்கில் இந்த வகைத் தீர்வி இருக்கிறது.

விலை என்ன? இரண்டு பொருட்களின் விறைப்பு விகிதம் கூடக்கூட, அடிப்படை முறைக்குச் சுற்றுகள் கூடிக்கொண்டே போகும். நம் பொருளில் விகிதம் 22; அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ரெசினுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் விகிதம் முடிவிலி. அடிப்படை முறை ஒருங்காது. அங்கே கான்ஜுகேட் கிரேடியன்ட் என்ற தீர்வு முறை கலந்த வகைகளோ, வில்லோவின் சுழற்றிய கட்ட முறையோ வேண்டும். வட்டமான இழை விளிம்பு படிக்கட்டு மாதிரி ஆகிவிடுவதால் விளிம்புத் தகைவுகளை நம்ப முடியாது. சராசரிக் குணகத்துக்கு அது பெரிதாக உறுத்தாது.

வெப்பமும் இதே பெட்டியில்

ஆறு ஓட்டம் முடிந்த பெட்டியை வீணாக்காதீர்கள். எல்லாச் சராசரித் திரிபையும் சுழியாகக் கட்டி, வெப்பநிலையை 1 டிகிரி ஏற்றி ஏழாவது ஓட்டம் ஓட்டுங்கள். வரும் சராசரித் தகைவைத் தலைகீழ் அணியால் பெருக்கிக் குறியை மாற்றினால் வெப்ப விரிவுக் குணகங்கள். இழையின் விரிவு டிகிரிக்கு மில்லியனில் 4.9, ரெசினுடையது 58 என்று கொடுத்தால், இழைத் திசையில் 6.5-க்கு அருகே வர வேண்டும். இரண்டே பொருள் கொண்ட காம்போசிட்டில் விறைப்பு அணி தெரிந்தால் விரிவுக் குணகத்தைச் சரியாகவே சொல்லும் சூத்திரத்தை லெவின் 1967-இல் கொடுத்துவிட்டார். அதனோடு ஒப்பிடுங்கள், ஏழாவது ஓட்டம் சரியா என்று தெரிந்துவிடும். வெப்பக் கடத்தலுக்கு நகர்வுக்குப் பதில் வெப்பநிலை. மூன்று ஓட்டம் போதும்.

முறிவு வலிமை மட்டும் இந்த வழியில் வராது. குணகம் என்பது சராசரி. முறிவோ மிக மோசமான ஓரிடத்தில் தொடங்குவது. ரெசின் மென்மையாகத் தொடங்கி விரிசல் ஒரே பட்டையில் குவிந்ததும் விடை பெட்டியின் அளவோடு மாறிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு பிரதிநிதிப் பெட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

நெய்த துணி என்றால்

நெய்த கண்ணாடித் துணிக்கு இதை இரண்டு தடவை செய்ய வேண்டும். முதலில் நூலுக்குள் இருக்கும் இழைகளும் ரெசினும். அதன் விடையை நூலின் குணகமாக வைத்து, பாவும் ஊடுமாக நெய்த பெரிய பெட்டி. நெசவின் வடிவத்தை வரைய நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டெக்ஸ்ஜென் இலவசமாகக் கிடைக்கிறது. நூல் வளைந்து போவதால் ஒவ்வோர் எலிமென்ட்டுக்கும் இழைத் திசையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். டெக்ஸ்ஜென் அதையும் எழுதித்தரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, தகட்டின் மொத்த இழை விகிதத்தையே நூலுக்கும் போடுவது. தகட்டில் மொத்தம் 0.5, நூல்கள் பிடித்திருக்கும் இடம் 0.7 என்றால், நூலுக்குள் இழை விகிதம் 0.5 ÷ 0.7 = 0.714. அந்த நெருக்கத்தில் 6 மைக்ரான் ஆரமுள்ள இழைகளைச் சதுரமாக அடுக்கினால் நடுவே 0.6 மைக்ரான்கூட மிஞ்சாது; மெஷ் பிதுங்கும். அறுகோணத்தில் 1.5 மைக்ரான் கிடைக்கும், நான்கு வரிசை எலிமென்ட்டைத் தாராளமாக வைக்கலாம்.